சபையில் வாசித்த பிறப்புச் சான்றிதழ்

எங்கள் தீவின் சட்டசபையில் அப்போது இருந்த ஒரே பெண் கிளாரிந்தா ரொயேர். வாழைத்தோட்டத்துக் கொட்டகையில் என் பக்கத்தில் நின்று காய் கழுவிப் பெட்டியில் அடுக்கியவள். கொட்டகைப் பெண்களுக்குப் பிரசவ விடுப்பு வேண்டும் என்று பதினோரு நாள் வேலைநிறுத்தம் நடத்தி, வாங்கியும் கொடுத்தாள். அடுத்த தேர்தலில் அவளையே நிறுத்தினோம். ஜெயித்தாள்.

சபைக்குப் போன இரண்டாம் வருஷம் ஒரு மசோதா கொண்டுவந்தாள். கல்யாணம் ஆகாதவர்களுக்குப் பிறந்த பிள்ளையும் பிள்ளைதான். அப்பன் பெயர் பதிவேட்டில் ஏற வேண்டும், அவன் சொத்தில் பங்கும் வேண்டும் என்றது அது. எங்கள் ஊரில் பாதிப்பேர் அப்படிப் பிறந்தவர்கள்தான், என் மகள் லூசெட் உட்பட. ஆனாலும் பாதிரியார் பிரசங்கத்தில் கண்டித்தார். தோட்ட முதலாளிகள் கொதித்தார்கள்.

வாக்கெடுப்புக்கு முந்தின ஞாயிறு, முதலாளிகளில் பெரியவரான ஆல்சிட் பெல்லோ ஆளனுப்பினார். கிளாரிந்தா அவர் மகள் என்பது ஊரறிந்த விஷயம். நாற்பத்திரண்டு வருஷமாக அவர் வாயால் சொன்னதில்லை. மசோதாவைத் திரும்பப் பெற்றால் மகள் என்று எழுதித் தருகிறாராம். நான் அவள் சமையலறையில் சேப்பங்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அவள் கண் கலங்கியதைப் பார்த்தேன். ஆனாலும் வந்த ஆளிடம், "எனக்கு மட்டும்னா வேண்டாம்னு சொல்லிடுங்க," என்றாள்.

செவ்வாய்க்கிழமை நாற்பது பெண்கள் லாரியேறித் தலைநகருக்குப் போய், பார்வையாளர் மாடத்தில் இடம் பிடித்தோம். அவள் பேச எழுந்ததும் எதிர்வரிசையில் ஒருவர், "முதல்ல அம்மையாரோட அப்பா பேரச் சொல்லட்டும். சட்டத்த அப்புறம் பேசலாம்," என்றார். சபை சிரித்தது.

இதை எதிர்பார்த்தே வந்திருந்தாள். பையிலிருந்து தன் பிறப்புச் சான்றிதழை எடுத்து நிதானமாக வாசித்தாள். தேதி, ஊர், தாயின் பெயர்.

"தகப்பன்னு இருக்கற இடத்துல ஒரு கோடு போட்டிருக்கு. அதப் பார்த்து நான் ஒருநாளும் வெக்கப்பட்டதில்ல. இங்க இருக்கறவங்கள்ல எத்தன பேர் காகிதத்துல இதே கோடு இருக்கு? கை தூக்கச் சொல்லல. ஓட்டுப் போடறப்ப நெனச்சுக்கிட்டாப் போதும்."

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. மசோதா இரண்டே ஓட்டு வித்தியாசத்தில் நிறைவேறியது. எதிர்வரிசையிலிருந்தே மூன்று பேர் ஆதரித்திருந்தார்கள். மாடத்தில் நாங்கள் பாட ஆரம்பித்தோம். காவலர் அடக்க வந்தார். எங்களில் ஒருத்தி, "போய் உங்கம்மாவக் கூட்டிட்டு வாப்பா, அவளும் பாடுவா," என்றாள். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. கீழே கிளாரிந்தா நிமிர்ந்து எங்களைப் பார்த்தாள். 'இவள் எங்கள் கொட்டகைக்காரி' என்று அந்த ஊருக்கே கேட்கக் கத்த வேண்டும் போலிருந்தது எனக்கு.

மறு மாதம் லூசெட்டின் அப்பன் தியோஃபில், கோயிலுக்குப் போடும் வெள்ளைச் சட்டையில் பதிவு அலுவலகத்துக்கு வந்தான். வரிசை தெருமுனைவரை நின்றது. அந்தக் கிளாரிந்தாம்மாவால் ஒருநாள் வேலை கெட்டது என்று முணுமுணுத்துக்கொண்டே நின்றான். கையெழுத்தை மட்டும் தகப்பன் என்ற கட்டத்துக்கு வெளியே போகிற அளவுக்குப் பெரிதாகப் போட்டான்.