ஒரு பின்னேரப் பாடம்

சூரிச்சில் ஒரு பல்கலைக்கழகத்தின் தாதியர் துறையில் யாதவி விரிவுரையாளராக இருந்தாள். ஜெர்மன் தெரியாத நோயாளியோடு, பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு எப்படிப் பேசுவது என்பதைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று பாடத்திட்டக் குழுவிடம் விண்ணப்பித்தாள். ஆய்வுகளை மட்டும் ஆதாரமாகக் காட்டினாள். தன் சொந்தக் காரணத்தை எழுதவில்லை.

முதல் கூட்டத்தில் எல்லோரும் பாராட்டினார்கள். ஒரே ஒரு சிக்கல்தான், என்றார் குழுத் தலைவர் பேராசிரியர் ஸ்டக்கி. புதிதாக ஒரு பாடம் வந்தால், அதே அளவுக்கு இன்னொரு பாடத்தின் நேரத்தைக் குறைக்க வேண்டும். யாருடையதை என்று அவளே மற்றவர்களோடு பேசி முடிவெடுத்து வரட்டும் என்றார்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் அவள் கதவு கதவாகத் தட்டினாள். மருந்தியல்காரர் தலையசைத்து மறுத்தார். புள்ளியியல் சொல்லிக்கொடுப்பவர், மாணவர்களுக்கு இப்போதே கணக்கு வருவதில்லை என்று வருத்தப்பட்டார். நெறிமுறைப் பாட ஆசிரியர், இதெல்லாம் தன் பாடத்தில் ஏற்கெனவே இருக்கிறதே என்றார். எந்தப் பகுதியில் என்று கேட்டதற்கு, எல்லாவற்றிலும் கலந்திருக்கிறது என்றார்.

இரண்டாவது கூட்டத்துக்கு அவள் வெறுங்கையோடுதான் போனாள். வேறு வழி தெரியாமல், எழுதாமல் விட்டதை அங்கே வாய்விட்டுச் சொன்னாள்.

அப்போது அவளுக்கு ஒன்பது வயது. அம்மா ஞானேஸ்வரியோடு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். அப்பா இராஜேந்திரன் ஹோட்டல் சமையலறையில் வேலையில் இருந்தார். வைத்தியர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பி, அம்மாவிடம் சொல் என்று ஒரு வார்த்தையைச் சொன்னார். கிரெப்ஸ். ஜெர்மனில் புற்றுநோய்க்கும் நண்டுக்கும் அந்த ஒரே சொல்தான். அவளுக்கு நண்டை மட்டும்தான் தெரியும்.

"அம்மா, உங்கட வயித்துக்குள்ள நண்டு இருக்காம்."

அம்மா சிரித்துவிட்டார். பிறகு வைத்தியரின் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. மகளிடம் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. அடுத்த வருடம் இறந்துபோனார்.

அவள் சொல்லி முடித்ததும் ஸ்டக்கி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அவர் கண்கள் உண்மையாகவே கலங்கியிருந்தன.

"இதைச் சொன்னதற்கு நன்றி, யாதவி. ஆனால் ஒரு குடும்பத்துக்கு நடந்ததை வைத்து எல்லோருக்குமான பாடத்திட்டத்தை மாற்ற முடியாது."

பாடத்தை விருப்பப் பாடமாக்கி அடுத்த கூட்டத்துக்குத் தள்ளினார்கள். அங்கே அது ஒரு பின்னேர வகுப்பாகச் சுருங்கியது. பரீட்சையும் இல்லை, புள்ளியும் இல்லை. பீடக் கூட்டம் அதை ஒருமனதாக ஏற்றுக்கொண்டது. எல்லோரும் அவளுக்குக் கை கொடுத்தார்கள். எதிர்த்து ஒருவராவது பேசியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

வகுப்புக்குக் கிடைத்தது வெள்ளிக்கிழமை பின்னேரம். நான்கு பேர் வந்தார்கள். ஒருத்தி ரயிலைப் பிடிக்க வேண்டும் என்று பாதியில் எழுந்து போனாள். அடுத்த இலையுதிர்காலத்தில் கால அட்டவணையைத் திறந்தபோது அந்த வகுப்பு அதில் இல்லை. விசாரித்தாள். ஆள் குறைந்த வகுப்புகள் தானாகவே நீங்கிவிடும், அதற்குக் கூட்டம் தேவையில்லை என்று செயலகத்தில் பணிவாகச் சொன்னார்கள். மீண்டும் விண்ணப்பிக்கலாம் என்றும் சொன்னார்கள். அவள் விண்ணப்பிக்கவில்லை.

அப்பாவிடம் இதைச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. ஒரு நாள் அட்லிஸ்வில் முருகன் கோயிலில் அவர் உருத்திரமூர்த்தி என்ற பழைய நண்பரிடம் அவளைக் கூட்டிக்கொண்டு போனார்.

"இவதான் என்ர மகள். யூனிவர்சிட்டியில புதுப் பாடம் ஒண்டு கொண்டு வந்தவ. இனி எங்கட பிள்ளையள் ஆஸ்பத்திரியில நிண்டு கதைச்சுக் குடுக்கத் தேவையில்லை."

"நல்ல விசயம். இப்பவும் நடக்குதோ பிள்ளை?" என்று கேட்டார் அவர்.

அப்பா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஓம்," என்றாள் யாதவி.