கழுத்துக்கறி

என் தம்பியின் சுண்டுவிரலை என் புருஷன் வெட்டிய அன்று எங்கள் மாட்டுக்கறிக் கடையில் நல்ல கூட்டம். எலும்பைப் பெரிது பெரிதாக வெட்டுகிறான் என்று ஆரம்பித்த வாய்ச்சண்டைதான். "கண்ணு எங்கடா இருக்கு?" என்று கத்தினார் அவர். "உங்க கைதான் மாமா நடுங்குது. நீங்க வெட்டினா இதைவிட மோசமா இருக்கும்" என்றான் தம்பி. கத்தி இறங்கியது. விரல் மேசையில் தனியாகக் கிடந்தது. வரிசையில் நின்றவர்கள் அலறிக்கொண்டு வெளியே ஓட, இவர் கத்தியைத் துடைத்துவிட்டு, "அடுத்து யாரு?" என்று கேட்டார்.

அவர் முன்கோபக்காரர் என்பது ஊருக்கே தெரியும். கல்யாணமான புதிதிலேயே கன்னத்தில் வாங்கியிருக்கிறேன். ஆனால் அந்தச் சில மாதங்களாக வீடு போர்க்களம் ஆகியிருந்தது. நாலு ஆள் சாப்பாட்டை ஒரே ஆளாகச் சாப்பிடுவார். ஆனாலும் சட்டை தொளதொளவென்று தொங்கும். வியர்த்துக் கொட்டும், தூக்கம் கிடையாது, மாடிப்படி ஏறினால் மூச்சிரைக்கும். நான் மட்டும் என்ன சாதுவா? ஒருநாள் அடுப்பில் இருந்த வாணலியைத் தூக்கி அவர் முதுகில் வீசினேன். தம்பி கதவை உதைத்து உடைத்தான். மூன்று பேருக்கும் மண்டைக்குள் நெருப்பு எரிந்தது.

விரல் போனதும் முடிவுக்கு வந்துவிட்டேன். தம்பி கையில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்ததும் அவனைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவது. துணிகளைப் பையில் திணித்தேன். கை நடுங்கிய நடுக்கத்தில் ஜிப்பை இழுக்க முடியவில்லை. அதற்குள் அவர் வந்துவிட்டார். என் தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதினார். கண்ணில் ரத்தம் வழிந்தது. மறுபடி கையை ஓங்கியவர் அப்படியே நின்றார். மூச்சு வரவில்லை. வாயில் ரோஜா நிறத்தில் நுரை தள்ள, வீங்கிய கால்கள் மடிந்து விழுந்தார்.

செத்துத் தொலையட்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு பாழாய்ப்போன மனசு கேட்கவில்லை. அப்போதுதான் படியேறி வந்த தம்பி, கட்டுப்போட்ட கையோடு அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கினான்.

"இவர் இதயம் செயலிழந்துக்கிட்டு இருக்கு" என்றார் டாக்டரம்மா. "ரத்தத்துல தைராய்டு ஹார்மோன் எக்கச்சக்கமா இருக்கு. அது மிஞ்சினா இதயம் ஓய்வே இல்லாம ஓடும். ஓடி ஓடிக் கடைசியில தளர்ந்துடும். ஆனா ஸ்கேன்ல பார்த்தா இவரோட தைராய்டு சுரப்பி வேலையே செய்யலை. அப்ப இவ்வளவும் எங்கிருந்து வருது?" பேசிக்கொண்டே என் கையைப் பார்த்தவர் நாடியைப் பிடித்தார். பிறகு தம்பியின் நாடியையும் பிடித்தார். அவர் முகம் மாறியது. "மூணு பேருக்கும் இப்படி ஓடுதே. வீட்ல என்ன சாப்பிடறீங்க?"

"கடையில விக்காததைத்தான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போவோம். மாட்டோட கழுத்துக்கறி. மாமா எதையும் வீணாக்க மாட்டாரு" என்றான் தம்பி.

"மூச்சுக்குழாயை ஒட்டிச் சிவப்பா கட்டி மாதிரி இருக்குமே, அது?"

"முன்னல்லாம் குப்பையில போடுவோம். மாமாதான் அதையும் சேர்த்துக் கொத்தச் சொன்னாரு."

"அதுதான் மாட்டோட தைராய்டு. வேகவெச்சாலும் ஹார்மோன் போகாது."

நல்ல கறியை ஊருக்கு விற்றுவிட்டு விஷத்தை வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார். நேர்மையான வியாபாரி!

"அப்ப இந்தக் கோபமெல்லாம் அதனாலதானா டாக்டர்?" என்று கேட்டேன்.

"இருக்கற கோபத்தை அது கூட்டும்" என்றார். எனக்கு அதுவே போதுமாக இருந்தது. வீட்டுக்கு வந்து பையைப் பிரித்துத் துணிகளை அடுக்கினேன். எல்லாப் பழியையும் மாட்டின் தலையில் போட்டுவிட்டேன்.

கழுத்துக்கறி நின்றது. மருந்து வேலை செய்தது. அவர் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். "விரல் வராது. மாமாவாவது திரும்பி வந்தாரே, விடுக்கா" என்றான் அவன். மாதங்கள் போனபின் ஒருநாள் டாக்டரம்மா சிரித்துக்கொண்டே சொன்னார்: "ரத்தம் சரியாயிடுச்சு. இதயமும் தேறிடுச்சு."

அன்று மத்தியானம் அவருக்குச் சாப்பாடு போட்டேன். மனசு நிறைந்திருந்த தைரியத்தில், "தம்பி இனிமே கத்தி பிடிக்க வேணாங்க. கல்லாவுல உக்காரட்டும்" என்றேன்.

"ஒரு விரலுக்குக் கடையையே கேப்பீங்களாடி அக்காளும் தம்பியும்?"

அறைந்தார். காது கொய்யென்றது, உதடு கிழிந்தது. ஓங்கிய அந்தக் கையைத்தான் பார்த்தேன். நடுக்கம் இல்லை. நெற்றியில் ஒரு பொட்டு வியர்வை இல்லை, மூச்சும் வாங்கவில்லை. அடித்துவிட்டு நிதானமாகச் சாப்பாட்டைப் பிசைந்தார்.

"இந்தக் கோபம் எந்த மாட்டோடதுங்க?" என்று கேட்டேன்.

பிசைந்த கை நின்றது. நான் உள்ளே போய்ப் பையை எடுத்துத் துணிகளை வைத்தேன். என் கையும் நடுங்கவில்லை. ஜிப் ஒரே இழுப்பில் மூடிக்கொண்டது.