எட்டு மணி மாத்திரை

சேலையூர்க் காலனியில் ஷெர்வினை விஞ்ஞானி என்பார்கள். பதினோரு வருஷமாக மூளை நோய்களுக்கு மருந்து தேடி, எலிகளை மட்டும் ஓரளவு குணப்படுத்தியவன் அவன். காலையில் ஆய்வகத்துக்குக் கிளம்பியவனைப் பக்கத்து வீட்டு அமலராணி டீச்சர் வழிமறித்து, அவன் உள்ளங்கையில் ஒரு மாத்திரையை வைத்தார்.

டீச்சரின் கணவருக்குப் பார்க்கின்சன் நோய்; கை ஓயாமல் நடுங்கும். புது மருந்துச் சோதனையில் சேர்ந்திருக்கிறார். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது.

"உன் மெஷின்ல போட்டுப் பாரு தம்பி. மாவுன்னா இன்னிக்கே நிறுத்திடறேன்."

அரை மணி நேர வேலைதான். அவனுக்கும் பார்க்க ஆசைதான்.

"இது எப்போ போட வேண்டியது டீச்சர்?"

"இன்னிக்கு எட்டு மணிக்கு."

எட்டாக ஐந்து நிமிடம் இருந்தது. ஷெர்வின் மாத்திரையைத் திருப்பி நீட்டினான்.

"உடனே குடுத்துடுங்க. எதுன்னு தெரிஞ்சிக்கிட்டா அவரைச் சோதனையிலேர்ந்தே எடுத்துடுவாங்க. நிஜ மருந்தா இருந்தா அதுவும் போயிடும்."

"மாவா இருந்தா?"

எலிகள் அவனை இப்படிக் கேட்டதேயில்லை.

"இருக்கலாம் டீச்சர். ஆனா நான் பார்க்க மாட்டேன்."

"உன்னை நம்பி வந்தேன் பாரு," என்று மாத்திரையைப் பிடுங்கிக்கொண்டு டீச்சர் உள்ளே போனார்.

சற்று நேரத்தில், கணவரின் பல்லில் டம்ளர் கடகடவென்று மோதுவது ஜன்னல் வழியே கேட்டது. அவர் விழுங்கி, அந்தச் சத்தம் அடங்கும்வரை ஷெர்வின் வண்டியை எடுக்கவில்லை.