தண்ணிமலையின் கடைசிச் சொல்

எங்கள் விளையாட்டில் செத்தவன் செத்தவன்தான். அந்த விதியை எழுதியவன் நான். நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்பவன் என்பது எங்கள் ஜாலான் புசார் வட்டாரம் முழுக்கத் தெரியும்.

1981-இல் தொடங்கினோம். வாப்பாவின் இரும்புச் சாமான் கடைக்கு மேலே ஓர் அறை, சனிக்கிழமை மதியங்கள். கூட்டாளி முத்தலிப்பின் மாமா லண்டனிலிருந்து கொண்டுவந்த ஆங்கில விளையாட்டைப் பார்த்து, தமிழில் நாங்களே ஒன்று செய்துகொண்டோம். செம்பாலை என்று ஒரு பாலைவன உலகம். ஆளுக்கு ஒரு பாத்திரம். அவனுடைய பலம், காயம், தோல் துருத்தியில் மிச்சமிருக்கும் தண்ணீர் எல்லாம் ஒரு தாளில் இருக்கும். நான் கதை சொல்வேன். தங்கள் ஆள் என்ன செய்கிறான் என்று அவர்கள் சொல்லி டைஸ் உருட்டுவார்கள். மேசையில் உட்கார்ந்து எதைச் சொன்னாலும் அது பாத்திரம் சொன்னதுதான். பாத்திரம் செத்தால் தாளைக் கிழிக்க வேண்டும். கெஞ்சல் செல்லாது.

அலெக்சாண்டர் தன் பாத்திரத்துக்குத் தண்ணிமலை என்று பெயர் வைத்தான். "சொட்டுத் தண்ணி இல்லாத ஊருல ஒருத்தன் பேர்லயாவது தண்ணி இருக்கட்டும் லா," என்றான். மற்றவர்களின் ஆட்கள் தாகத்திலும் தேள்கடியிலும் போய்க்கொண்டே இருந்தார்கள். முத்தலிப் மட்டும் ஆறு பேரைப் பறிகொடுத்தான். தண்ணிமலை தாக்குப்பிடித்தான்.

அலெக்சாண்டர் தாக்குப்பிடிக்கவில்லை. ரத்தப் புற்றுநோய், பத்தொன்பது வயது. அடக்கத்தன்று நான் தேவாலயத்துக்கு எதிர்ச்சாரியில் நின்றேன். முஸ்லிம் பையன் உள்ளே போகலாமா என்று தெரியவில்லை என எல்லாரிடமும் சொல்லிவைத்தேன். பொய். பெட்டியைப் பார்க்கப் பயம்.

இரண்டு வாரம் கழித்து அவன் தங்கை உர்சுலா அந்தத் தாளோடு படியேறி வந்தாள். "அண்ணனோடத நான் விளையாடட்டா?" என்றாள். மறுபேச்சில்லாமல் நாற்காலியை இழுத்துப் போட்டேன். தண்ணிமலை நடமாடுகிறவரை எதுவும் நடக்கவில்லை என்று இருந்துவிடலாம் அல்லவா? ஒரு வருஷம் அப்படித்தான் இருந்தோம்.

அந்தச் சனிக்கிழமை செம்பாலையில் மணற்புயல். முத்தலிப்பின் ஆள் உள்ளே சிக்கிக்கொண்டான். தண்ணிமலை குகை வாசலில் நின்றான். அவன் துருத்தியில் ஒரு மிடறுதான் மிச்சம். புயலுக்குள் போகிறவன் திரும்ப மாட்டான் என்று முன்பே சொல்லியிருந்தேன். முத்தலிப் தன் ஆளின் குரலில் கத்தினான்: "யாராச்சும் வர்றீங்களா?"

உர்சுலா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்தே கால். உட்கார்ந்தபடியே பையை எடுத்தாள்.

"சரி, வர்றேன்."

எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தோம். சொன்னது என்னவென்று அவளுக்கும் உறைத்தது. பையின் மேல் கை அப்படியே நின்றது.

"ஏய், அவ கிளம்புறேங்கிறதத்தான் அப்படிச் சொன்னா லா," என்றான் முத்தலிப். "நம்ம ஆளுங்க எவன் போறேன்னு சொல்லிட்டுப் போவான்? இதெல்லாம் செல்லாது."

உண்மைதான். வாய்தவறிப் போறேன் என்றால் என் உம்மா வாசலிலிருந்து திரும்பக் கூப்பிட்டு, போயிட்டு வர்றேன் என்று சொல்லவைத்துத்தான் விடுவார். ஒருவருக்கும் இரங்காத நான் அன்று என் விதியை நானே விழுங்கத் தயாராக இருந்தேன்.

"செல்லாது," என்றேன்.

"செல்லும்," என்றாள் உர்சுலா. "முத்தலிப் அண்ணனோட ஆறு பேருக்கும் செல்லுச்சு."

"இது வேறம்மா."

"என்ன வேற? அண்ணன் ஆஸ்பத்திரிக்குப் போறப்பவும் வர்றேன்னுதான் சொன்னான். அவனுக்கு யாரு மறுபடி டைஸ் போட்டா?" அவள் கண் நிறைந்துவிட்டது. "கதை சொல்றது நீங்கதானே, கனிண்ணே. முடிச்சுச் சொல்லுங்க."

சொன்னேன். தண்ணிமலை புயலுக்குள் போனான். கூட்டாளியைத் தேடிக் கண்டுபிடித்துக் கடைசி மிடற்றை அவன் வாயில் ஊற்றினான். அவன் எழுந்து நடந்தான். தண்ணிமலையால் எழ முடியவில்லை. மணல் மூடியது.

"செத்துட்டான்," என்றேன்.

ஒரு வருஷமாக அந்தச் சொல்லை நான் வாயில் எடுத்ததில்லை. சொன்னதும் அழுதேன். கீழே கடையில் வாப்பாவுக்குக் கேட்குமே என்றுகூடத் தோன்றவில்லை.

உர்சுலா தாளைக் கிழித்தாள். அண்ணன் கையெழுத்தில் பெயர் இருந்த துண்டை மட்டும் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தாள். "ஆறு மணிக்குச் சர்ச்சுல பூசை. இன்னிக்கு அவனுக்கு வருஷ நினைவு," என்றாள்.

கதவருகே போய் நின்றாள். எந்த வார்த்தையைச் சொல்லிவிட்டுக் கிளம்புவது என்று தெரியாமல் தடுமாறினாள். கடைசியில், "போயிட்டு வர்றேன்," என்றாள், மெதுவாக.

நான் செருப்பைத் தேடினேன்.

"இரு, நானும் வர்றேன்."