ஐந்து பேருக்காகவும் செய்த சத்தியம்

1931-ஆம் வருடம் ஆவணி மாதம், மேகமலை எஸ்டேட்டில் வெள்ளைக்காரத் துரையின் சடைநாய்க்குப் பேச்சிமுத்து ரோமம் கத்தரிக்கும்போது அதன் இடது காதில் கத்தரி பட்டது. அதே நேரத்தில், மலைக்குக் கீழே அனுமந்தன்பட்டியில் சோற்றுக்கு உட்கார்ந்திருந்த கோட்டைச்சாமியின் இடது காதிலிருந்து ரத்தம் கொட்டியது. நாய்க்கு ஒரு கீறல்கூட இல்லை. வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. கோட்டைச்சாமியின் மனைவி ஜக்கம்மா மஞ்சள் பொடியை அப்பிவிட்டு, மிச்சச் சோற்றைச் சாப்பிடச் சொன்னாள்.

இதற்குக் காரணம் கோட்டைச்சாமியேதான். அவர் ஆட்டு ரோமம் கத்தரிப்பவர். அவருக்குக் கீழே பேச்சிமுத்துவையும் சேர்த்து ஐந்து பேர். ஆட்டின் தோலில் கத்தரி பட்டால் சாம்பலைத் தேய்த்துவிட்டு அடுத்த ஆட்டை இழுப்பார்கள்; எந்த ஆடும் துரையிடம் போய்ப் பிராது கொடுத்ததில்லை. மலையில் துரைசானி வளர்த்த சடைநாய்களுக்கோ மழைக்காலம் முழுக்க ரோமம் சிக்குப் பிடித்து, சிக்குக்குள் அட்டை குடியிருந்தது. கத்தரிக்க ஆள் கேட்டபோது, ஒரு கீறல் விழக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினாள். புது வேலைக்குப் போகிறவர்கள் கருப்பசாமி கோயிலில் சூடம் அடித்துச் சத்தியம் செய்வது வழக்கம். ஐந்து பேரும் பின்வாங்கினார்கள். கருப்பசாமியிடம் விளையாட முடியாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கோட்டைச்சாமிக்கும் தெரியும். ஆனால் மனிதருக்கு அந்த வேலையின் மேல் அவ்வளவு ஆசை. “எல்லாருக்கும் சேத்து நானே செய்யுறேன். எங்க கத்தரி அந்த வாயில்லாச் சீவன் மேல பட்டா எம்மேல படட்டும்” என்று சூடத்தை அடித்து அணைத்தார். கருப்பசாமி அதைச் சொன்னது சொன்னபடி எடுத்துக்கொண்டார்.

காதில் கட்டுப் போட்ட கையோடு கோட்டைச்சாமி மலையேறினார். வேலை செய்கிற விதத்தையே மாற்றுவது என்று முடிவு கட்டியிருந்தார். முதலில் எண்ணெய் தடவி விரலாலேயே சிக்கெடுக்க வேண்டும். காதுப் பக்கம் கத்தரிக்கும் தோலுக்கும் நடுவே இடது கை விரலை வைக்க வேண்டும். வயிற்றுப் பக்கம் தோலை இழுத்துப் பிடிக்க வேண்டும். நாய்க்கு நாய் கத்தரியைத் தீட்ட வேண்டும். ஐந்து பேரும் தலையாட்டினார்கள். காதைப் பார்த்துப் பயந்துபோய் ஒரு வாரம் பூப் பறிப்பது போல வேலை செய்தார்கள். எட்டாம் நாள் பழைய வேகம் வந்துவிட்டது. நாய் கத்தினால் கை நிற்கும்; நாய்தான் கத்துவதில்லையே.

“ஏலே பேச்சி, மெதுவாப் போடுறா. எனக்கு வலிக்கிதுடா.”

“அண்ணே, நீங்க இங்கன நின்னாத்தான் ஞாபகம் வருது. கீழ போயிட்டா மறந்துபோகுது. நான் என்ன செய்ய?”

அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் கோட்டைச்சாமிக்கு அழுகையை வரவழைத்தது.

சத்தியத்தைத் திருப்பிக்கொள்ள வழி உண்டா என்று குறி சொல்லும் கோடாங்கியிடம் போய்க் கேட்டார். ஐந்து பேரும் வந்து அவரவர் பங்கை அவரவர் வாயால் ஏற்றுக்கொண்டால் போதும் என்று கோடாங்கி சொன்னார். பேச்சிமுத்து கோயில் வாசல்வரை வந்தான். கோட்டைச்சாமியின் கையையும் முதுகையும் ஒரு தடவை பார்த்தான்.

“உங்களப் பாத்த பெறகு எவண்ணே சத்தியம் பண்ணுவான்?” என்று செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிப் போய்விட்டான். மற்ற நாலு பேர் அந்த அளவுக்குக்கூட வரவில்லை.

இதற்கிடையே மேகமலை நாய்களின் பேர் தேனி வரைக்கும் பரவியது. வருடக் கணக்கில் ஒரு நாய்க்கும் கீறல் இல்லை என்பது லேசான சங்கதியா? துரைமார்கள் கூடிப் பேசி, 1936-இல் இந்தத் தொழிலுக்குப் பரீட்சை வைத்துச் சர்ட்டிபிகேட் கொடுத்தார்கள். பேச்சிமுத்துவும் மற்ற நாலு பேரும் பாஸ். ஆளுக்கொரு பித்தளை வில்லை கிடைத்தது. கோட்டைச்சாமியின் முறை வந்தபோது சட்டையைக் கழற்றச் சொல்லிப் பார்த்தார்கள். காது, கழுத்து, விலா எங்கும் கத்தரித் தழும்பு. தன்னையே இப்படி வெட்டிக்கொள்கிறவன் கையில் கத்தரி கொடுக்க முடியாது என்று தள்ளிவிட்டார்கள். அவர் நடந்ததை எல்லாம் சொன்னார். துரைமார்கள் மரியாதையாகக் கேட்டார்கள். பிறகு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். அந்தச் சமயம் அவருடைய வலது தொடை ரத்தத்தில் நனைந்துகொண்டிருந்தது.

அதன்பின் பதினொரு வருடம் அவர் வீட்டில்தான் இருந்தார். வில்லை வாங்கியவர்களை மேற்பார்வை பார்க்க யாரும் இல்லாததால் காயம் இரண்டு மடங்கானது. எந்த இடத்தில் வெட்டு விழுந்தால் யார் கை என்பது ஜக்கம்மாவுக்கு அத்துபடி. ஆனாலும் மஞ்சளைக் குழைத்துக்கொண்டே, “இன்னைக்கு யாரு?” என்று கேட்பாள். காது என்றால் பேச்சிமுத்து. அவர் பேரைச் சொல்வார், அவள் பூசுவாள். வேறு செய்ய ஒன்றும் இல்லை. யுத்தம் வந்தது, அரிசிக்குக் கார்டு வந்தது. அந்த வீட்டில் மஞ்சள்தான் சீக்கிரம் தீர்ந்தது.

1947-இல் துரைமார்கள் கப்பலேறினார்கள். நாய்களைக் கொண்டுபோகவில்லை. துரை இல்லாத நாய்க்குக் கத்தரி எடுக்க வில்லைக்காரர்கள் மறுத்துவிட்டார்கள். நாலு மாதம் கோட்டைச்சாமியின் உடம்பில் ஒரு பொட்டு ரத்தம் இல்லை, தழும்புகள்கூட மங்கின. ஐந்தாம் மாதம், நடக்க முடியாத அளவுக்குச் சடை தொங்க, பதினேழு நாய்கள் சின்னமனூர் ரோடு வழியாக இறங்கி வந்து, யாரிடமும் விசாரிக்காமல், அவர் வாசலில் படுத்துக்கொண்டன.

அவர் கத்தரியைத் தீட்டினார். எண்ணெய் தடவினார், விரலாலேயே சிக்கெடுத்தார், விரலை நடுவில் வைத்தார். பதினாறு நாய்களுக்கு ஒரு குறையும் இல்லாமல் முடித்தார். பதினேழாவது நாயின் இடது காதில், வயதான கை ஒரு தடவை தவறிக் கத்தரி பட்டது. நாய் வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. அவருடைய காதிலிருந்து ரத்தம் தோளில் இறங்கியது.

ஜக்கம்மா உள்ளேயிருந்து மஞ்சளோடு வந்தாள். “இன்னைக்கு யாரு, பேச்சியா?”

“இல்ல. நாந்தான்” என்றார் கோட்டைச்சாமி. அவர் கண்ணில் தண்ணீர் நிறைந்தது.

அவள் பூசிவிட்டு, மிச்ச மஞ்சளை எடுத்து வைக்க உள்ளே போனாள். அவர் அந்தக் காதின் மறுபாதியைக் கத்தரிக்க ஆரம்பித்தார்.