நூற்றுப் பதினான்கு தையல்

அவளுக்கு வலிப்பு வருவது அவளுக்கே தெரியாது. கேட்டால் நம்ப மாட்டீர்கள், ஆனால் உண்மை அதுதான். கீழே விழுந்து கைகால் உதறுகிற வகை இல்லை. பேசிக்கொண்டே இருப்பாள், பாதி வார்த்தையில் நின்றுவிடுவாள். கண் திறந்தே இருக்கும், ஆள் இருக்க மாட்டாள். அரை நிமிடத்துக்குள் திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடருவாள். நடுவில் ஒன்று நடந்தது என்று பக்கத்தில் இருப்பவர் சொன்னால்தான் உண்டு.

பக்கத்தில் இருப்பவன் அவள் கணவன். எல்லாவற்றையும் சொல்லித்தான் கட்டிக்கொண்டாள். இருந்தாலும் முதல் தடவை நேரில் பார்த்தபோது பயல் வெலவெலத்துப் போனான், செருப்பைக்கூடப் போடாமல் ஆட்டோ பிடிக்க ஓடினான். மூன்றாவது தடவைக்குள் தேறிவிட்டான். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு காத்து நின்று, அவள் கண்ணில் ஆள் திரும்பியதும் கேட்டான்.

"எங்க போயிட்டு வந்தே? எனக்கு என்ன வாங்கிட்டு வந்தே?"

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பதினாலு வயதிலிருந்து அவளைப் பார்த்து ஊர் உலகமெல்லாம் உச்சுக் கொட்டியிருக்கிறது. கேலி செய்த முதல் ஆள் இவன்தான். அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. அவன் கேட்பான், இவள் "கடை மூடியிருந்துச்சுங்க" என்பாள், இல்லாவிட்டால் "உங்க அளவுல இல்லையாம்" என்பாள். அத்தோடு அன்றைய கணக்கு முடிந்தது என்று இருவரும் வேலையைப் பார்க்கப் போவார்கள்.

வேலை கார்களுக்குச் சீட் கவர் தைப்பது. ஒரே பட்டறை. அவன் மேசையில் ரெக்ஸினை விரித்து வெட்டுவான், அவள் மிஷினில் தைப்பாள். அவள் விரலுக்கு ஒன்றும் ஆகக் கூடாதென்று ஊசிக்கு முன்னால் ஒரு கம்பி வேலியை அவனே அடித்து மாட்டியிருந்தான், மோட்டார் வேகத்தையும் பாதியாகக் குறைத்து வைத்திருந்தான். "மாட்டு வண்டி" என்று மற்ற தையற்காரர்கள் அந்த மிஷினுக்குப் பெயர் வைத்தார்கள். வைத்தால் வைக்கட்டும். அவள் தையல் நூல் பிடித்த மாதிரி நேராகப் போகும், அதில் குறை சொல்ல எவனுக்கும் வாய் கிடையாது.

கல்யாணமாகி மூன்று வருடம். குழந்தை வேண்டும் என்று அவள்தான் முதலில் வாய் திறந்தாள். சொந்தக்காரர்கள் "விசேஷம் உண்டா, விசேஷம் உண்டா" என்று போனில் குடைந்ததெல்லாம் அப்புறம்தான். நேராக நரம்பு டாக்டரிடம் போய் உட்கார்ந்தார்கள். அந்த அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார், "நல்லவேளை, முன்னாடியே வந்தீங்க. நிறைய பேர் வயித்துல வந்தப்புறம்தான் ஓடி வர்றாங்க." இத்தனை வருடம் சாப்பிட்ட மாத்திரை வலிப்பை அடக்குவதில் கெட்டி, ஆனால் வயிற்றில் வளரும் பிள்ளைக்கு ஆகாது. அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வேறொன்றுக்கு மாற வேண்டும். கூடவே பிள்ளையின் முதுகெலும்பு நல்லபடியாக உருவாக ஒரு வைட்டமின் மாத்திரை. புது மாத்திரையில் ஆறு மாதம் ஒரு தடவைகூட வராமல் இருந்தால், அப்புறம் தாராளமாகப் பிள்ளைக்கு முயற்சி செய்யலாம்.

"நோட்டு ஒண்ணு போடுங்க. தினமும் எழுதணும். எழுத வேண்டியது இவங்க இல்ல, நீங்க," என்று அவனைக் காட்டினார் டாக்டர். அவளுக்குத்தான் தெரியாதே!

அவனும் எழுதினான். ஒவ்வொரு தேதிக்கும் எதிரே 'நல்ல நாள்'. அவள் தினமும் அதை எடுத்துப் பார்ப்பாள். நூறு நல்ல நாள் ஆனபோது பட்டறையில் எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தாள். எதற்கென்று கேட்டவர்களிடம் "சும்மாதான்" என்று மழுப்பினாள்.

ஆறு மாதம் முடிந்து, மறுநாள் டாக்டரைப் பார்க்க வேண்டும். மத்தியானம் சாப்பாட்டு நேரம். ஓரப் பட்டைக்குக் கொஞ்சம் ரெக்ஸின் குறைந்தது. வெட்டு மேசைக்கு அடியில் இருந்த துண்டு மூட்டையில் கையை விட்டுத் துழாவினாள். அடியில் கட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. நாலாய் எட்டாய் மடித்து நூலால் இறுக்கிக் கட்டிய மெரூன் ரெக்ஸின். நல்ல பெரிய துண்டை எந்த மடையன் இப்படிச் சுருட்டி வைத்தான் என்று வைதுகொண்டே பிரித்தாள்.

சீட்டின் முதுகுப் பக்கம். ஓரத்தில் தையல் ஒரு முழம் நேராகப் போயிருந்தது, அவள் தையல். அதற்கப்புறம் ஓரத்தை விட்டு விலகி, நடுவை நோக்கிச் சாய்ந்து, வளைந்து, எங்கே போகிறோம் என்று தெரியாமல் போய், சட்டென்று நின்றிருந்தது.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். துணியாக இருந்தால் பிரித்துவிட்டு மறுபடி தைக்கலாம், தடம் தெரியாது. ரெக்ஸினில் ஊசி இறங்கினால் இறங்கியதுதான், ஓட்டை மூடாது. அதனால்தான் இதை ஒளித்துவிட்டு வேறொன்றை வெட்டித் தைத்திருக்கிறான். மெரூன் சீட் என்றதும் நாள்கூட ஞாபகம் வந்தது. தைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தபோது மிஷின் சுவிட்ச் அணைந்திருந்தது, அவன் கையில் டீயோடு நின்றிருந்தான். "வெளில போய்க் குடிச்சிட்டு வா, காத்தாட இரு" என்றான். அதுவரை ஒரு நாள்கூட, ஒரே ஒரு நாள்கூட, அந்த மனுஷன் அவளுக்கு டீ கொண்டுவந்து கொடுத்ததில்லை. அன்றைக்கே சந்தேகப்பட்டிருக்க வேண்டாமா?

கோணல் தொடங்கிய இடத்திலிருந்து நகத்தால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். நூற்றுப் பதினான்கு தையல். அவளுடைய மாட்டு வண்டி ஓடுகிற வேகத்துக்கு இருபது, இருபத்தைந்து செகண்ட். பதினாலு வயதிலிருந்து மற்றவர்கள் சொல்லிச் சொல்லிக் கேட்டதுதான். தன் வலிப்பைத் தன் கண்ணால் அவள் பார்த்தது அன்றுதான் முதல் முறை. இவ்வளவுதானா என்றிருந்தது. இவ்வளவா என்றும் இருந்தது.

அவன் சாப்பிட்டுவிட்டு ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே வந்தான். அவள் அந்தத் துண்டை மேசைமேல் அவன் முன்னால் விரித்தாள்.

"அன்னைக்குப் போயிட்டு வந்தப்ப உனக்கு இதைத்தான் வாங்கிட்டு வந்தேன். நீதான் கேக்கவே இல்ல."

அவன் முகம் செத்துவிட்டது.

"சொல்லு."

"எப்படிச் சொல்றது? அன்னைக்குக் காலைல பஸ்ல வரும்போது பிள்ளைக்குப் பேர் யோசிச்சுட்டு வந்தே. ஏழு பேர் சொன்னே. நாலரை மாசம் ஆயிடுச்சு, இன்னும் ஒன்றரை மாசம்தான்னு விரல் விட்டு எண்ணினே. பத்து மணிக்கு இது வந்துச்சு. மறுபடியும் மொதல்லேருந்துன்னு நான் எந்த வாயால சொல்லுவேன்?"

"அதுக்காக?"

"ஒரு தடவைதானே, சின்னதுதானேன்னு..."

"சின்னதா? எண்ணிப் பாரு, நூத்துப் பதினாலு! நாளைக்கு நம்ம பிள்ளை பொறந்து, அதைக் கையில வெச்சுக் குளிப்பாட்டிட்டிருக்கேன்னு வெச்சுக்கோ. அப்ப நான் போயிட்டேன்னா? அதையும் மூட்டைக்கு அடியில ஒளிச்சுட்டு வேற ஒண்ணு வெட்டித் தைப்பியா?"

ஆறடி ஆள் வெட்டு மேசையைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதான். அவளுக்கும் அழுகை வந்தது, ஆனால் கோபம் அதைவிடப் பெரிதாக இருந்ததால் அழவில்லை. அன்று சாயங்காலம் பஸ்ஸில் வேறு வேறு சீட்டில் உட்கார்ந்து வீட்டுக்குப் போனார்கள். அவன் சமைத்தான். உப்பு அள்ளிக் கொட்டியிருந்தான். அவள் தண்ணீர் குடித்துக் குடித்துச் சாப்பிட்டு முடித்தாள்.

மறுநாள் அந்த ரெக்ஸினைச் செய்தித்தாளில் சுற்றி டாக்டரிடம் எடுத்துப் போனாள். டாக்டர் அதை மேசையில் விரித்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, கோணல் தையல்மேல் விரலை ஓட்டினார்.

"வலிப்பைப் பொட்டலம் கட்டிட்டு வந்த முதல் ஆள் நீங்கதாம்மா," என்றார். அப்புறம் அவள் சொன்ன தேதியை நாட்காட்டியில் பார்த்தார். "நாப்பத்தோரு நாள் ஆச்சு. பயப்படாதீங்க. மாத்திரை அளவைக் கொஞ்சம் ஏத்துவோம். கடைசியா வந்த நாள்லேருந்து எண்ணிக்கலாம். அப்ப நாப்பத்தோரு நாள் ஏற்கெனவே கையில இருக்கு. நீங்களா பயந்துபோய் மாத்திரையை நிறுத்திடாதீங்க, அதுதான் ஆபத்து."

நாற்பத்தொரு நாள் கையில்! அவள் முகத்தில் ராத்திரி முழுக்க இல்லாத வெளிச்சம் வந்தது. டாக்டர் பேனாவை எடுத்தார், அவன் பக்கம் திரும்பினார்.

"இது ஒண்ணுதானே?"

ஆமாம் என்று ஒரு தலையாட்டு போதும். கேட்க யாரும் இல்லை, பார்த்தது அவன் ஒருத்தன்தான். அந்த இரண்டாவதுக்கு ரெக்ஸினும் இல்லை, ஓட்டையும் இல்லை. அவன் அவளைப் பார்த்தான். அவள் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, புது எண்ணிக்கை எழுதப் பேனா மூடியைக் கழற்றியிருந்தாள்.

"ரெண்டு," என்றான். "இன்னொண்ணு வந்துச்சு டாக்டர். மாடியில துணி காயப் போடும்போது. பன்னிரண்டு நாள் ஆச்சு."

நாற்பத்தொன்று போய்விட்டது. அவள் கோபமெல்லாம் மறுபடி கொதித்து மேலே வந்தது, வந்த வேகத்திலேயே இறங்கியும் போனது. பொய் சொல்ல நேற்றுவரை அவனுக்கு ஆயிரம் காரணம் இருந்தது. இன்றைக்கும் அதே காரணம்தான் இருந்தது, ஆனாலும் சொல்லிவிட்டான்.

"அப்ப என்ன வாங்கிட்டு வந்தேன்?" என்று கேட்டாள்.

அவன் சட்டைப் பைக்குள் கையை விட்டான். நீல நிறத்தில் ஒரு துணி கிளிப்பை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான்.

"இதைக் கையில இறுக்கிப் புடிச்சிருந்தே. விரலைப் பிரிச்சு எடுத்தேன். திருப்பிக் கொடியில மாட்ட மனசு வரல. தினம் சட்டை மாத்தும்போது இதையும் மாத்திக்கிட்டே இருக்கேன்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அவள் நோட்டைப் பிரித்து இரண்டு 'நல்ல நாள்'களைத் தேடிப் பிடித்து அடித்தாள். கிளிப்பை அந்தப் பக்கத்தின் தலையில் மாட்டி, நோட்டை அவன் மடியில் வைத்தாள்.

அவன் எழுதக் குனிந்தான். "பன்னிரண்டு," என்று முணுமுணுத்தான்.

"பதிமூணுங்க," என்றாள் அவள், அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு. "இன்னைக்கும் நல்ல நாள்தான். எழுதுங்க."