கோயில் சாப்பாட்டுக்கு எத்தனை தலை

மறுபடியும் இருபத்துநாலு விநாடி! மடிக்கணினியை மடேரென்று மூடினேன். மண்டபத்தூரில் எங்கள் வீட்டு வாசலில்தான் கீழத்தெருவும் மேலத்தெருவும் பிரிகின்றன. இரண்டிலும் ஆறாறு வீட்டுக் கூரையில் சோப்புப்பெட்டி அளவுக் கருவிகளைக் கட்டியிருந்தேன். பிற்பாடு முகத்துவாரத்தில் நீர்மட்டம் பார்க்க வேண்டியவை. இப்போதைக்கு வெயிலைச் சொல்கின்றன. தெருக்கோடிக் கருவி தன் கணக்கைக் கம்பியில்லாமல் பக்கத்துக் கருவிக்கு அனுப்பும். அது தன்னுடையதையும் கூட்டி அடுத்ததற்கு அனுப்பும். ஒரு முறை பேச இரண்டு விநாடி. பதினைந்து விநாடிக்குள் மொத்தமும் வாசலில் என் மடிக்கணினிக்கு வந்து சேராவிட்டால் எம்.டெக். பிராஜெக்டில் கையெழுத்தில்லை என்று தமிழ்ச்செல்வன் சார் கறாராகச் சொல்லிவிட்டார். நாளைக் காலை பத்து மணிக்கு அவர் முன்னால் ஓட்டிக்காட்ட வேண்டும். தவறினால் இன்னும் ஆறு மாதம். கிடைத்த பெங்களூர் வேலையும் கோவிந்தா.

பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரண்டு கருவிகள் சேர்ந்து பேசினால் இரண்டும் குழம்பிவிடும். எங்கள் வீட்டில் ஐந்து பேரும் ஒரே நேரத்தில் பேசுவோம், ஒருத்தர் சொல்வது ஒருத்தருக்கும் விளங்காது. அந்தக் கடுப்பில்தானோ என்னவோ, ஒன்று பேசினால் மற்ற பதினொன்றும் வாயை மூட வேண்டும் என்று எழுதித் தொலைத்திருந்தேன்.

அம்மா சந்திரா மீன்கூடையை இறக்கிவைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள். திருவிழாச் சாப்பாட்டுக்குத் தலை எண்ணும் வேலை இந்தச் சித்திரைக்கு அவளுடையது. கடைசி வீட்டுக்காரி தன் வீட்டுக் கணக்கைக் கத்துவாள். அடுத்தவள் தன் வீட்டையும் கூட்டிக் கத்துவாள். அப்படியே வாசல்வரை வந்துசேரும். கீழத்தெருவில் "பதினொண்ணு!" என்ற அதே மூச்சில் மேலத்தெருவில் "ஒம்போது!" என்றார்கள். ஒரு தெருச் சத்தம் மறு தெருவுக்குக் கேட்கவேயில்லை. முனைக்கு வந்ததும்தான் இரண்டு தெருவின் முதல் வீட்டுக்காரிகள் நீலாயதாட்சி அத்தையும் செல்லம் சித்தியும் ஒன்றாகக் கத்தினார்கள்.

அம்மா கையைக் காட்டினாள். "அண்ணி, நீங்க செத்த இருங்க. செல்லம், நீ சொல்லுடி."

அடச்சே! எனக்கு எவ்வளவு மக்கு மண்டை! தெருவுக்கொன்றாக இரண்டு கருவிகள் சேர்ந்து பேசட்டும். முனையில் மட்டும் ஒன்று காத்திருக்கட்டும். மடிக்கணினியைத் திறந்து மாற்றி எழுதி ஓட்டினேன்.

"அம்மா! பதினாலும்மா!"

"எதுடி பதினாலு? நாப்பத்தேழு பேரு. இரு... ஐயையோ, நம்ம வூட்டுக்கு நாலுன்னுல்ல சேத்தேன்! ஒரு வாரமா நீ சோத்துத் தட்டுப் பக்கமே வரலியா, உன்ன உட்டுப்போச்சு." எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அம்மா கோயில் பக்கம் திரும்பிக் கத்தினாள், "முத்தையண்ணே, நாப்பத்தெட்டு! எம்பொண்ணும் திங்கிறா!"

அரிசி அளந்துகொண்டிருந்த முத்தையன் மாமா இன்னும் ஒரு கை அள்ளிப் போட்டார். நான் மறுபடி ஓட்டினேன். இரண்டு தெருக்கோடியிலும் கருவியின் பச்சை விளக்கு ஒரே நேரத்தில் மின்னி, வீடு வீடாக எங்களை நோக்கி வந்தது.